ஏழாவது சுரம் வாங்கிய கடன்

சம்பந்தமே இல்லாமல் இந்தத் தடவை சங்கீதம். பி.காம் படிக்கிற பையனுக்கு இது எதுக்கு என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். கதையில் கடன், பாக்கி, செட்டில்மென்ட் எல்லாம் வருகிறது :-)

முதலில் ஒரு விளக்கம். கார்டு என்றால் ஏ.டி.எம். கார்டு இல்லை. மூன்று நான்கு சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிப்பது. கிடாரில் இடது கை விரல்களை விரித்து வைத்துக்கொண்டு வலது கையால் ஒரே இழுப்பாக இழுக்கிறார்களே, அதுதான். மேற்கத்திய இசை படிப்பவர்களுக்குக் காதுப் பயிற்சி என்று ஒரு பாடம் உண்டு. பியானோவைப் பார்க்காமல் உட்கார வேண்டும். ஆசிரியர் நான்கு கட்டைகளை ஒன்றாக அழுத்துவார். அது என்ன கார்டு என்று சொல்ல வேண்டும். மேஜர், மைனர் வரைக்கும் சந்தோஷம், சோகம் என்று வைத்து ஒப்பேற்றிவிடலாம். செவன்த் கார்டு வந்ததும் பாதிப் பேர் அவுட்.

அதற்குப் பாடப் புத்தகங்கள் ஒரு சுலப வழி சொல்லும். டாமினன்ட் செவன்த் என்பது நிலைகொள்ளாமல் வீட்டுக்குப் போகத் துடிக்கிற ஒலி, அந்தத் துடிப்பைக் கேட்டால் கார்டு பிடிபட்டுவிடும் என்று. எனக்குத் தெரிந்த ஒருவன் அமெரிக்க ப்ளூஸ் கிடார் கேட்டே வளர்ந்தவன். அவனிடம் அதே கார்டை வாசித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நிம்மதியா இருக்கு" என்பான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் இரண்டு மாதம் பார்த்துவிட்டு "உனக்குக் காது கிடையாது" என்று அனுப்பிவிட்டார். அவனும் நம்பிவிட்டான்.

அவன் காதில் ஒரு பழுதும் இல்லை என்பது என் கட்சி. அந்தக் கார்டு "துடிக்கிறது" என்பது இயற்கை விதியாக எனக்குப் படவில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு காலத்து ஐரோப்பியக் காதுக்கு அது தவறு, அடுத்த காலத்துக்குக் கடன், வேறொரு ஊரில் அதுவே வீடு.

வரலாற்றுக்குப் போகும் முன் சுரக் கணக்கை மட்டும் முடித்துவிடுவோம். நம் சுரப் பெயர்களிலேயே சொல்கிறேன். ச, அந்தர காந்தாரம், ப மூன்றையும் சேர்த்தால் மேஜர் கார்டு. அதன்மேல் கைசிகி நிஷாதம் வைத்தால் டாமினன்ட் செவன்த். காகலி நிஷாதம் வைத்தால் மேஜர் செவன்த். காந்தாரத்தைச் சாதாரண காந்தாரமாக இறக்கி, கைசிகி நிஷாதம் வைத்தால் மைனர் செவன்த். அதில் பஞ்சமத்தையும் அரைச்சுரம் இறக்கினால் ஹாஃப் டிமினிஷ்ட். நிஷாதத்தை இன்னொரு அரைச்சுரம் இறக்கினால் டிமினிஷ்ட் செவன்த். ஆக ஐந்து முக்கிய வகை. ஹரிகாம்போஜி, சங்கராபரணம், கரகரப்பிரியா மூன்றின் காந்தார நிஷாதங்கள் காதில் ஏறியவர்களுக்கு முதல் மூன்று வகையும் பாதி தெரிந்த மாதிரிதான். (ராகத்துக்கும் கார்டுக்கும் சம்பந்தம் கற்பிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சுரத்தானத்துக்காக மட்டும் சொன்னது.)

இப்போது 11ஆம் நூற்றாண்டு இத்தாலி. அரெஸ்ஸோ ஊரில் கைடோ என்றொரு துறவி. அந்தக் காலத்து மடங்களில் பையன்கள் நூற்றுக்கணக்கான வழிபாட்டுப் பாடல்களைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தே வருடங்களைக் கழிப்பார்கள். கைடோ ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். யோவான் ஸ்நானகர் மீதான ஒரு லத்தீன் பாடலில் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைவிட ஒரு சுரம் மேலே தொடங்கும். அந்த வரிகளின் முதல் அசைகளையே சுரங்களுக்குப் பெயராக்கினார். உத், ரே, மி, ஃபா, சோல், லா. பத்து வருடம் ஆகிற படிப்பு ஒரு வருடத்தில், மிஞ்சிப்போனால் இரண்டு வருடத்தில் முடியும் என்று அவரே எழுதிவைத்தார். கோச்சிங் சென்டர் விளம்பரம் மாதிரி இருந்தாலும் போப் 19ஆம் யோவான் அவரை ரோமுக்கு அழைத்து விசாரிக்கும் அளவுக்கு விஷயம் பெரிதாகிவிட்டது.

எண்ணிப் பார்த்தீர்களா? ஆறுதான். நமக்கு நிஷாதம் இருக்கிற இடத்தில் கைடோவிடம் பெயரே இல்லை. ஏழாவது சுரத்தைப் பாடவில்லை என்று அர்த்தம் இல்லை. பாடினார்கள். ஆனால் அது வரும்போது ஆறு அசைகளையும் வேறு இடத்துக்கு நகர்த்தி வைத்துச் சமாளித்தார்கள். 'சி' என்ற ஏழாவது அசை நிலைபெற இன்னும் பல நூற்றாண்டுகள் ஆயின. ஐரோப்பாவின் முதல் பெரிய காதுப் பயிற்சி முறையில் நம் கதாநாயகனுக்கு நாற்காலியே போடவில்லை.

அங்கிருந்து ஒரே தாவலாக 1600. போலோன்யா நகரத்து மதகுரு ஜொவான்னி ஆர்த்தூசி ஒரு புத்தகம் வெளியிட்டார். தலைப்பே நவீன இசையின் குறைபாடுகள் பற்றி. இரண்டு பேர் உரையாடுவதுபோல எழுதப்பட்ட அதில் சில புதுப் பாடல்களை எடுத்துவைத்துக் கிழிகிழியென்று கிழிக்கிறார். பாடியவர் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும், மாந்துவா அரண்மனையில் இருந்த கிளாடியோ மோன்டெவெர்டிதான் என்று. மாட்டிக்கொண்ட பாடல்களில் ஒன்று "க்ரூடா அமரில்லி". கொடுமைக்காரக் காதலியைப் பற்றிய புலம்பல். அதன் 13ஆவது பாரில் கீழ்க்குரல் ஜி சுரத்தில் நிற்க, மேல்குரல் அதற்கு ஒன்பதாவது சுரத்தில் வந்து இடித்து, அங்கிருந்து ஏழாவது சுரத்துக்குத் தாவுகிறது.

இதில் என்ன குற்றம்? உரசல் சுரம் வரலாம், ஆனால் அனுமதி வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். முந்தைய கார்டில் அதே சுரம் சாதுவாக ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். அது அப்படியே நிற்க, மற்றக் குரல்கள் நகர்ந்ததால் உரசல் உண்டாக வேண்டும். பிறகு அந்தச் சுரம் ஒரு படி கீழே இறங்கிச் சமாதானம் ஆக வேண்டும். எங்கள் பாஷையில் சொன்னால், கடன் வாங்கலாம், ஆனால் முன்கூட்டியே கையெழுத்து வேண்டும், தவணை தேதியில் அடைத்துவிட வேண்டும். மோன்டெவெர்டி கையெழுத்தே போடாமல் பணத்தை எடுத்துவிட்டார்.

அவர் பதில் 1605இல் வந்தது. தன் ஐந்தாவது மாட்ரிகல் தொகுப்பில், திட்டு வாங்கிய அதே பாடலை முதல் பாடலாக வைத்தார்! (இந்தத் திமிர் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.) முன்னுரையில் நான் கண்டபடி எழுதவில்லை, இது இரண்டாவது வழிமுறை என்றார். 1607இல் அவர் தம்பி ஜூலியோ செசாரே இன்னும் விளக்கினார். பாட்டின் சொல்தான் எஜமானி, இசை அவளுக்கு வேலைக்காரி என்ற பொருளில். ஆர்த்தூசியை மூடப் பழமைவாதி என்று ஒதுக்குவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கேட்டது நிஜமாகவே அவர் காதுக்குக் கடுமையாக இருந்தது. அவரை அப்படிக் கேட்கப் பழக்கியிருந்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்து 1722. இந்த ஒரு வருடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். அந்த வருடம் பாரிஸில் ஜான் ஃபிலிப் ராமோ என்ற ஆர்கன் கலைஞரின் ஹார்மனி நூல் வெளியானது. அதே 1722இல் ஜெர்மனியில் பாக் "வெல் டெம்பர்ட் கிளாவியர்" முதல் பாகத்தின் கையெழுத்துப் படிக்குத் தலைப்புப் பக்கம் எழுதினார். ஒருவர் சட்டம் எழுதினார், இன்னொருவர் அதைப் பார்க்காமலேயே வாசித்துக் காட்டினார்.

ராமோ சொன்னது சுருக்கமாக இதுதான். கார்டின் சுரங்களை எப்படி மாற்றி அடுக்கினாலும், எது அடியில் இருந்தாலும், அதன் வேர்ச் சுரம் மாறாது. எல்லா உரசல்களும் ஏழாவது சுரத்திலிருந்து கிளைத்தவைதான். அதுவரை நூற்றுக்கணக்கான தனித்தனிக் கோர்வைகளாக நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்ததை ஒரே குடும்பமாக்கிவிட்டார். இன்றைக்குக் காதுப் பயிற்சியில் "ரூட் எது?" என்று முதலில் கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்குப் பின்னால் ராமோ நிற்கிறார். (இத்தனைக்கும் மனிதர் முதல் ஓபரா எழுதியது 50 வயதில், 1733இல். அரியர் வைத்திருப்பவர்கள் ஆறுதல் அடையலாம்.)

பாக் பக்கம் வருவோம். அந்தத் தொகுப்பின் முதல் துண்டு, சி மேஜர் ப்ரெலூட். மொத்தம் 35 பார். கேட்டால் "அட, இதுவா" என்பீர்கள், அவ்வளவு பிரபலம். இதன் ஆரம்ப வடிவம் ஒன்று, தன் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமானுக்காக 1720இல் அவர் தொடங்கிய பயிற்சி நோட்டில் இருக்கிறது. நோட்டுப் போட்டபோது பையனுக்கு ஒன்பது வயது. ஆக இது ஒரு அப்பா சொல்லிக்கொடுத்த பாடம். செவன்த் கார்டு பழக இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பாதிக்கு மேற்பட்ட பார்களில் செவன்த் கார்டுதான். ஒரு பாருக்கு ஒரே கார்டு, அதுவும் ஒவ்வொரு சுரமாகப் பிரித்து, அவசரமே இல்லாமல்.

முதல் பாரில் சி மேஜர், அடியில் சி. இரண்டாவது பாரில் அடிச்சுரம் நகராமல் அதே சி, மேலே மட்டும் கார்டு டி மைனர் செவன்தாக மாறுகிறது. அதாவது நல்ல பிள்ளையாக இருந்த சி இப்போது ஏழாவது சுரமாகிவிட்டது. மூன்றாவது பாரில் அது ஒரு படி இறங்கி பி ஆகிறது, கார்டு ஜி செவன்த். நான்காவது பாரில் வீடு. கையெழுத்து, கடன், தவணை எல்லாம் நாலே பாரில். ஏழாவது எட்டாவது பார்களில் இன்னொரு முறை. பி அடியில் நிற்க மேலே சி மேஜர் கார்டு வந்து மேஜர் செவன்த் ஆகிறது. பியும் சியும் உரசுவது காது மடலில் சில்லென்று படும். ஒன்பதில் பி இறங்கி ஏ, கார்டு ஏ மைனர் செவன்த். 12ஆவது பாரில் டிமினிஷ்ட் செவன்த், திடீரென்று விளக்கை அணைத்த மாதிரி. ஐந்து வகையில் நாலு வகை பன்னிரண்டு பாருக்குள்.

இதில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. தனி கார்டாக வாசித்து "இது என்ன" என்று கேட்பதைவிட, எந்தச் சுரம் முன்னாடியே இருந்தது, அது எங்கே இறங்கியது என்று பின்தொடர்ந்தால் செவன்த் தானாகப் பிடிபடும். அடிச்சுரத்தை மட்டும் முணுமுணுத்துக்கொண்டே கேட்டுப் பாருங்கள். மூன்று நாளில் வித்தியாசம் தெரியும்.

19ஆம் நூற்றாண்டில் இந்தக் காது அரண்மனையை விட்டு வெளியே வந்தது. 1841இல் இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் கூடிய ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், ஏழைப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர சுலபமான வழி ஒன்றைக் கண்டுபிடிக்கும்படி ஜான் கர்வென் என்ற இளம் போதகரைக் கேட்டுக்கொண்டார்கள். அவருக்கே முறையான சங்கீதப் பயிற்சி கிடையாது. நாரிச் நகரத்து சாரா குளோவர் என்ற ஆசிரியை ஏற்கெனவே உருவாக்கியிருந்த முறையை எடுத்து வளர்த்ததுதான் டானிக் சோல்ஃபா. புள்ளியும் கோடும் படிக்கத் தெரியாத தொழிலாளிகள்கூட டோ, ரே, மீ என்று எழுத்தைப் பார்த்தே சேர்ந்திசை பாடினார்கள். பெரிய விஷயம் இது. ஆனால் பெயர் எல்லாம் கர்வெனுக்கே போய்விட்டது, குளோவரை இசை ஆசிரியர்களுக்கு வெளியே யாருக்கும் தெரிவதில்லை.

கர்வென் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு மனநிலை சொன்னார். மெதுவாகப் பாடும்போது டோ உறுதியானது, மீ அமைதியானது, லா அழுகை. ஏழாவது சுரமான டீ துளைக்கிற சுரம். ஃபா வெறுமையும் அச்சமும் தருவது. கவனியுங்கள், டாமினன்ட் செவன்துக்குள் ஒன்றாக உட்கார்ந்திருப்பது இந்த டீயும் ஃபாவும்தான். டீ மேலே ஏறி டோவுக்குப் போகும், ஃபா கீழே இறங்கி மீக்குப் போகும். "துடிப்பு" என்று புத்தகம் சொல்வது இதைத்தான். லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு இந்தக் குணங்களைப் பாடமாகவே நடத்தினால், அந்தத் துடிப்பு இயற்கையில் இருந்ததா, வகுப்பறையில் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

ஐரோப்பாவின் மீதிக் கதையை வேகமாக ஓட்டிவிடுகிறேன். 1800இல் வியன்னாவில் பீத்தோவன் தன் முதல் சிம்ஃபொனியை செவன்த் கார்டிலேயே ஆரம்பித்தார். அதுவும் வேறு ஸ்ருதிக்குக் கூட்டிப்போகிற செவன்த். 1865இல் மியூனிக்கில் அரங்கேறிய வாக்னரின் "ட்ரிஸ்டான் உண்ட் இசோல்ட" ஆரம்பத்தில் வரும் கார்டு ஹாஃப் டிமினிஷ்ட் போலவே ஒலிக்கும். அது நகர்ந்து போய்ச் சேருகிற இடமே ஒரு டாமினன்ட் செவன்த், அதற்குப் பிறகு மௌனம். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன்! முழு செட்டில்மென்ட் நாலு மணி நேரம் கழித்துத்தான். 1888இல் எரிக் சாட்டி, இருபத்தியொன்று இருபத்திரண்டு வயசுப் பையன், தன் முதல் "ஜிம்னோபெடி"யில் இரண்டு மேஜர் செவன்த் கார்டுகளை மாற்றி மாற்றி ஊஞ்சல் ஆட்டிக்கொண்டே இருந்தார். கடனும் இல்லை, தவணையும் இல்லை. பாரிஸ் கன்சர்வேட்டரியில் படித்தபோது இவரை மகா சோம்பேறி என்று எழுதிவைத்தார்கள்.

அதற்குள் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் வேறொரு காது வளர்ந்துகொண்டிருந்தது. 1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்த டபிள்யூ.சி. ஹேண்டி, பக்கத்தில் ஒரு கறுப்பினத்தவர் கத்தியைக் கிடார் தந்திமேல் அழுத்தித் தேய்த்து வாசித்ததைக் கேட்டதாகத் தன் சுயசரிதையில் எழுதுகிறார். இத்தனைக்கும் ஹேண்டி பேண்டு நடத்தியவர், நொட்டேஷன் தெரிந்தவர். அவருக்கே அது கேட்டறியாத இசையாக இருந்தது. பியானோக் கட்டைகளுக்கு நடுவே நழுவுகிற மூன்றாவது, ஏழாவது சுரங்கள் அந்தப் பாட்டு மரபின் உயிர். அவற்றைப் பியானோவிலும் பேண்டிலும் கொண்டுவந்தபோது செவன்த் கார்டு ஆயின. ஹேண்டியின் "மெம்ஃபிஸ் ப்ளூஸ்" 1912இல் அச்சானது. பின்னாளில் வழக்கமாகிப்போன 12 பார் ப்ளூஸில் முதல் கார்டு டாமினன்ட் செவன்த், நாலாவது வீட்டுக் கார்டும் அதே வகை, ஐந்தாவதும் அதே வகை. முடிவும் அதிலேயே. ராமோ கேட்டிருந்தால் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டே "எப்போ வீட்டுக்குப் போறோம்" என்று கேட்டிருப்பார். வந்து சேர்ந்து வெகுநேரம் ஆகிறது ஐயா.

இன்னொரு கிளை முடிதிருத்தும் கடைகளில். பார்பர்ஷாப் குவார்டெட் என்று நான்கு ஆண்கள் வாத்தியமே இல்லாமல் பாடுவார்கள். அவர்கள் காது பழகிய விதம் அலாதி. பியானோவில் ஏழாவது சுரம் சரிசம அரைச்சுரக் கணக்கில் வருவது. ஆனால் நான்கு குரல்கள் 4, 5, 6, 7 என்ற விகிதத்தில் அமைந்தால், உதாரணத்துக்கு 400, 500, 600, 700 அதிர்வுகள், உரசலே இல்லாமல் பூட்டிக்கொள்ளும். பியானோவில் அந்தக் கடைசிச் சுரம் கிட்டத்தட்ட 713இல் விழும். பாடகர்கள் தங்கள் காதை நம்பி அதைக் கீழே இழுக்கிறார்கள். சரியாக விழுந்தால் யாரும் பாடாத ஐந்தாவது குரல் ஒன்று மேலே மணி மாதிரி ஒலிக்கும். தம்புராவில் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக எழுகிறதே, அதே சங்கதி. இந்த ஒலிக்கு அவர்கள் இட்ட பெயரே பார்பர்ஷாப் செவன்த். ஆர்த்தூசி கடுமை என்று முகம் சுளித்த இடைவெளியின் வாரிசு, இங்கே நாலு பேர் கண்ணை மூடிக்கொண்டு நீட்டி அனுபவிக்கிற இடம்.

இந்தப் பாணி கறுப்பின மக்களிடம் பிறந்தது என்று ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1925இலேயே எழுதினார். ஆராய்ச்சியாளர் லின் அபட் 1992இல் பழைய பத்திரிகைச் செய்திகளையும் நினைவுக் குறிப்புகளையும் தோண்டி அதை விரிவாக நிறுவினார். இடையில் என்ன நடந்தது? 1938இல் ஒக்லஹோமாவின் டல்சாவில் ஓவன் கேஷ் என்ற வரி வழக்கறிஞர் இந்தக் கலையைக் காப்பாற்ற ஒரு சங்கம் தொடங்கினார். நாடு முழுவதும் பரவிய அந்தச் சங்கத்தில் 1963 வரை கறுப்பினத்தவர் உறுப்பினராக முடியாது. இந்தக் கார்டைக் காதால் கண்டுபிடித்தவர்களின் பிள்ளைகளுக்கே, அதைப் பாதுகாக்கிற சங்கத்தில் கதவு சாத்தப்பட்டிருந்தது. என் நண்பனுக்குக் கிடைத்த "காது கிடையாது" இதோடு ஒப்பிட்டால் தூசு. ஆனாலும் யாருடைய காதை அளவுகோலாக வைக்கிறோம் என்ற கேள்வி இரண்டிலும் ஒன்றுதான்.

செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு. பாக்கின் ப்ரெலூடில் 19ஆவது பாரைக் கேளுங்கள். சுத்தமான சி மேஜர், வந்து சேர்ந்தாச்சு. 20இல் அடியில் அதே சி, உள்ளே ஒரே ஒரு பி ஃபிளாட் நுழைகிறது. உடனே தரை சாய்கிறது, 21இல் எஃப் பக்கம் சரிந்துவிடுகிறோம். உடனே சி ஸ்ருதியில் ஏதாவது ஒரு 12 பார் ப்ளூஸ் போட்டு அதன் கடைசி கார்டைக் கேளுங்கள். சி, ஈ, ஜி, பி ஃபிளாட். அதே நாலு சுரம்.